வானம் போட்ட வேலை

எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் ரிட்டயர் ஆனதில்லை. தாத்தா சுரங்கத்தில் வேலையில் இருக்கும்போதே நெஞ்சு அடைத்துப் போய்விட்டார். அப்பா விஷயத்தில் சுரங்கமே முதலில் ரிட்டயர் ஆகிவிட்டது; அவரை வீட்டுக்கு அனுப்பியது. அதனால் முப்பத்தாறு வயதில் இந்தச் சொல்லை எனக்கு நானே மாட்டிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் ராபர்ட்சன்பேட்டை பஜாரில் நான் செய்துவந்த வேலை முடிந்துவிட்டது. திரும்பப் போகப் போவதில்லை. அதை வேறு எப்படிச் சொல்வது?

செத்தவர்களுக்கு வானம் போடுவது என் வேலை.

கோலார் தங்க வயலில் ஒரு சாவு விழுந்தால், பந்தல்காரருக்கு அடுத்த போன் பேனர் கடைக்குத்தான் வரும். கண்ணீர் அஞ்சலி பேனர். நடுவில் இறந்தவர் முகம், கீழே பெயர், வயது, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்ற விவரம், ஓரத்தில் சொந்தக்காரர்களின் சின்னச் சின்ன முகங்கள். இதெல்லாம் போக மீதி இருக்கிற இடமெல்லாம் ஒரு நிலக்காட்சி. மலை, ஆறு, மரம், வானம். அந்த நிலத்தை வரைந்து, அதற்கு நிறம் கொடுப்பவன் நான்.

இதை எழுதச் சொன்னது ரேவதி. இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். அவளுக்குப் புதிதாக ஒரு சாஃப்ட்வேர் வந்திருக்கிறது. ‘அமைதியான மலை, காலை நேரம்’ என்று டைப் அடித்தால் போதும், ஒரே மூச்சில் நாலு மலை வந்து நிற்கிறதாம். போன மாசம் போனில் சொன்னாள்: “அண்ணா, மலை வருது, ஆறு வருது, அன்னப்பறவைகூட வருது. மாட்டினதுக்கப்புறம் ரெண்டு வீட்ல சண்டைக்கு வந்துட்டாங்க. வானத்த மட்டும் எப்பிடித் தேர்ந்தெடுக்கறதுன்னு அதுக்குத் தெரியல. எழுதிக் குடுங்க.”

எழுதுகிறேன் ரேவதி. ஆனால் விதிகளாக எழுத எனக்கு வராது. நடந்ததைத்தான் சொல்ல வரும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். முடித்துவிட்டு ஓவியக் கல்லூரிக்குப் போனேன். “படிச்சது போதாதுன்னு படம் போடவும் படிக்கிறான்” என்று அப்பா தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார். அது பெருமையா வருத்தமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெங்களூரில் படித்த நாலு வருஷத்தையும் நாலு வரியில் சொல்லிவிடலாம். ஐரோப்பிய ஓவியர்கள் தூரத்தைக் காட்ட மலையை நீலமாக்குவார்கள். எவ்வளவு தூரமோ அவ்வளவு வெளிர் நீலம். சீனத்தில் மை ஒன்றே போதும், தாளை வெறுமனே விட்டால் அதுதான் மூடுபனி. பாரசீகச் சிற்றோவியத்தில் வானம் பொன், பாறை ரோஜா நிறம். ராஜஸ்தானத்தில் மழைக்காலம் என்றால் கருமேகம், அதன் விளிம்பில் பாம்பு மாதிரி ஒரு தங்க மின்னல். ஒவ்வொரு தேசமும் நிலத்தை வேறு நிறத்தில் பார்ப்பதில்லை, வேறு நிறத்தில் பேசுகிறது என்று எங்கள் ஆசிரியர் ஒருவர் கன்னடத்தில் சொன்னார். எனக்கு அது தமிழில்தான் பதிந்தது.

படித்ததையெல்லாம் வந்த புதிதில் வாடிக்கையாளர்கள் தலையில் கட்டினேன். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒரு பெரியவருக்குப் பாரசீக முறையில் ரோஜா நிறப் பாறைகள் போட்டேன். அவர் மகன் வந்து பேனரைப் பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: “இன்னாபா, எங்கப்பா ஐஸ்கிரீம் கடையிலயா செத்தாரு?” இன்னொரு வீட்டுக்குச் சீனத்து மூடுபனி போட்டேன். மிஷினில் இங்க் தீர்ந்துவிட்டதா, பாதிப் பணம் திரும்ப வருமா என்று கேட்டார்கள்.

கடை லலிதா அக்காவுடையது. அவர் புடவை வியாபாரக் குடும்பம். அவருடைய அப்பாவின் ஜவுளிக்கடை நொடித்துப் போன பிறகு, அதே இடத்தில் பிளெக்ஸ் மிஷின் வாங்கிப் போட்டார். நான் விழுந்து விழுந்து படித்த நிறங்களுக்கெல்லாம் அவரிடம் வேறு பெயர் இருந்தது. மாம்பழ மஞ்சள், வெங்காயச் சருகு, அரக்கு, வாடாமல்லி, மயில் கழுத்து, ஆனந்தா நீலம். “அந்த ஓரத்துல கொஞ்சம் வெங்காயச் சருகு உடு” என்பார். நான் ஸ்கிரீனில் இளஞ்சிவப்பையும் பழுப்பையும் கலந்துகொண்டிருப்பேன். “அது சருகு இல்ல, தோலு” என்பார்.

சாவு வீட்டுக்காரர்கள் உள்ளே வந்தால் லலிதா அக்கா எழுந்து நிற்பார். உட்காரச் சொல்ல மாட்டார். உட்கார்ந்தால் அழுவார்கள், அழுதால் எழுத்துப்பிழை வரும் என்பது அவர் கணக்கு. எப்படிப் போனார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்பதெல்லாம் மூன்றே கேள்வி: பேர் எப்பிடி எழுதணும், எத்தனை மணிக்கு எடுக்கறீங்க, எங்க கொண்டு போறீங்க. அந்த மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் வானம்.

ஏனென்றால் எங்கள் ஊரில் அப்படி ஒரு வழக்கம் படிந்துவிட்டது. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. பேனர் நாலு ரோடு முனையில் ஏறும். பஸ்ஸில் போகிறவர்கள், ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள், ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடந்து வருகிறவர்கள், எழுத்தைப் படிக்க நேரமில்லாமல் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போவார்கள். விடியற்காலைப் பொன், அதற்குக் கீழே பசும்புல், ஓடை என்றால் கிறிஸ்தவர் கல்லறைக்குப் போக வேண்டும். பனிமலையும் மஞ்சள் வானமும் என்றால் பஜார் வியாபாரக் குடும்பம்; சுடுகாடு. அந்தி ஆரஞ்சு என்றால் வயசாளி, இந்து. வயசுப் பையனுக்கு லலிதா அக்கா அந்தி போட விடமாட்டார். பாதியில போனவனுக்கு அந்தி எதுக்கு என்பார். முஸ்லிம் வீடுகளில் முகமும் கேட்க மாட்டார்கள், மலையும் கேட்க மாட்டார்கள். பச்சைக் கரை, எழுத்து, அவ்வளவுதான். மேலிருந்து கீழ்வரை ஒரே நீலம், மேகமில்லை, சூரியன் இல்லை, ஓரத்தில் ஒரு அரசமரம் என்றால் அது பௌத்தக் குடும்பம். அவர்கள் புதைக்கும் இடம் மாரிகுப்பம் போகும் வழியில் தனியாக இருக்கிறது. அந்த நீலத்துக்குத்தான் லலிதா அக்கா ஆனந்தா நீலம் என்று பெயர் வைத்திருந்தார்.

பேனர் ஏறியதும் அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பார். நானும் பார்க்க வேண்டும். பாதி மூடிய கண்ணுக்குப் பெயர் மறைந்துவிடும், வயசு மறைந்துவிடும், முகமும் கரைந்துவிடும். நிறம் மட்டும் நிற்கும். “இப்ப எந்தப் பக்கம் போவ?” என்று கேட்பார். நான் கல்லறை என்றோ சுடுகாடு என்றோ சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் டீ குடிக்கப் போகலாம்.

ஒன்று மட்டும் யாரும் கேட்டதில்லை. எங்கள் ஊரில் பிள்ளைகள் மலை வரைந்தால் உச்சியைத் தட்டையாக வரைவார்கள், சாம்பல் பூசுவார்கள். நாங்கள் பார்த்து வளர்ந்த மலை சைனைட் மேடுதான். தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண். மழை பெய்தால் அதில் மஞ்சள் கோடுகள் இறங்கும். காற்றடித்தால் சோற்றில் வந்து விழும். நான் கடையில் இருந்த இத்தனை வருஷத்தில், அந்த மேட்டை முகத்துக்குப் பின்னால் போடச் சொல்லி ஒருவரும் வந்ததில்லை. சுவிட்சர்லாந்து கேட்டார்கள், காஷ்மீர் கேட்டார்கள். சொந்த நிலத்தை யாரும் கேட்கவில்லை. நானும் யாருக்கும் காட்டவில்லை.

இனி கௌதமன் விஷயம்.

மாரிகுப்பத்திலிருந்து காலையில் கிளம்பும் ரயிலில் பாதி ஊர் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறது. பங்காருபேட்டை தாண்டுவதற்குள் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். கௌதமனும் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினார் என்றுதான் பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். பெங்களூரில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். பெட்டியைப் பெருக்க வந்த அம்மாதான் தொட்டுப் பார்த்திருக்கிறார். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே கௌதமனின் அண்ணன் அசோகன் வாசலில் நின்றிருந்தார். பெரிய இன்ஜினியரிங் தொழிற்சாலையில் பிட்டர். ஊரில் பௌத்த சங்க வேலைகளையெல்லாம் முன்னால் நின்று செய்பவர். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் நிதானமாக இருந்தது. மூன்று கேள்விக்கும் தடங்கல் இல்லாமல் பதில் சொன்னார். நான் நீலத்தைத் திறந்து அரசமரத்தை ஓரத்தில் வைத்தேன். அவர் கொண்டுவந்திருந்த போட்டோ கம்பெனி அடையாள அட்டையில் இருந்தது. கண் பாதி மூடியிருந்தது. வேறு இருக்கிறதா என்று கேட்டேன். வீட்டில் தேடிக்கொண்டு வருகிறேன் என்று போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் கௌதமனின் மனைவி எஸ்தர் வந்தார், தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு. எஸ்தர் கிறிஸ்தவக் குடும்பம். காதல் கல்யாணம். அவர் சர்ச்சுக்குப் போவார், கௌதமன் விகாரைக்குப் போவார், அதில் ஒரு தகராறும் இருந்ததில்லை. அவர்களுக்கு ஒரே பெண் குழந்தை, நிஷா. அது நாலு வயதில் மூளைக் காய்ச்சல் வந்து இறந்துவிட்டது. குழந்தையை எஸ்தர் வீட்டார் புதைக்கும் கிறிஸ்தவர் கல்லறையில் வைத்திருந்தார்கள்.

லலிதா அக்கா எழுந்து நின்றார். எஸ்தர் ஸ்கிரீனைப் பார்த்தார். அதில் நீலம் இருந்தது.

“இது வேணாங்க,” என்றார். “அவரு பாப்பா பக்கத்துல படுக்கணும்னு சொன்னாரு. பாப்பாவ வெச்ச அன்னிக்கே சொன்னாரு. ஆயர்கிட்ட பேசிட்டேன், எடம் குடுக்கறேன்னாரு.”

அது எழுதி வைத்த பேச்சில்லை. குழிக்கு முன்னால் நின்று புருஷன் பெண்டாட்டியிடம் சொன்னது. வேறு யார் காதிலும் விழவில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: புருஷனும் குழந்தையும் ஒரே மண்ணில் இருக்க வேண்டும். அந்த நீலம் நாலு ரோட்டில் ஏறிவிட்டால் கூட்டம் மாரிகுப்பம் வழியில் போய்விடும். கூட்டம் போன பக்கம்தான் பாடை போகும்.

லலிதா அக்கா அசோகனைப் போனில் கூப்பிட்டார். அவர் வந்தார். இருவரும் கத்தவில்லை, கத்தியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அசோகன் எஸ்தரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார். தன் அப்பா சுரங்கத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்த காலத்தில், ஊர்க் கோயில் வாசலில் நிற்கவிடாமல் துரத்தப்பட்ட கதையைச் சொன்னார். ஒருநாள் அந்த அப்பா பௌத்தத்துக்கு மாறி, வீட்டில் இருந்த சாமிப் படங்களைக் கழற்றி வைத்துவிட்டு, சுவருக்குத் தானே நீலம் அடித்தாராம். அடித்து முடித்துவிட்டுக் கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தாராம்.

“எங்க நைனா எத்தனை வானத்த உட்டுட்டு இந்த நீலத்துக்கு வந்தாருன்னு உனக்குத் தெரியாது,” என்றார். “என் தம்பிய திருப்பிக் கூட்டிக்கினு போக நான் யாரு?”

எஸ்தர், “நான் கூட்டிக்கினு போகலைங்க மாமா. பாப்பா கூப்புடறா,” என்றார்.

கல்லூரியில் படித்தவன் என்கிற உரிமையில் நான் ஒரு யோசனை சொன்னேன். பொன்னும் வேண்டாம், நீலமும் வேண்டாம், வெறும் வெள்ளை மூடுபனி போட்டுவிடலாமா என்றேன். யாருடைய மொழியும் இல்லாத வானம். லலிதா அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. “பாடையத் தூக்கிக்கினு மூடுபனிக்கா போவாங்க?” என்று கேட்டார். சரிதான். நிறத்தைத் தள்ளிப்போடலாம், குழியைத் தள்ளிப்போட முடியாது.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். மிஷின் பக்கம் போய், சுவிட்சைத் தட்டி, இங்க் பீச்சும் ஹெட் அடைத்திருக்கிறது, கிளீன் செய்யாமல் பிரிண்ட் வராது என்று அறிவித்தார். அது பொய். முந்தின சாயங்காலம்தான் நான் கிளீன் செய்திருந்தேன். எஸ்தரிடம், “மிஷின் ஆவறதுக்குள்ள மாமியார்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாம்மா. அவங்க சரின்னா சரி,” என்றார். அசோகனும் தலையாட்டினார்.

நான் ஹெட் கிளீனிங் போட்டேன். அந்த மிஷினில் நாலு நிற இங்க்: நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. கிளீனிங் போட்டால் நாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே உள்ள டப்பாவில் வடியும். பிறகு சோதனைக்கு ஒரு துண்டில் மெல்லிய கோடுகளாக அடித்துக் காட்டும். ஒரு கோடும் விட்டுப்போகாமல் சுத்தமாக வந்தது. “இன்னும் வரல,” என்றார் லலிதா அக்கா. மறுபடி போட்டேன். மறுபடி சுத்தமாக வந்தது. விலை உயர்ந்த இங்க் டப்பாவில் வடிந்துகொண்டே இருந்தது. நாலும் கலந்தால் என்ன நிறம் வரும் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். டப்பாவில் எங்கள் மேட்டுச் சேற்றின் நிறம்தான் இருந்தது. அசோகன் ஸ்டூலில் உட்கார்ந்து பழைய பேப்பர் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய தொழிலே மிஷின். ஓடுகிற சத்தத்தைக் கேட்டே பழுது இருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எழுந்து மிஷினிடம் வரவில்லை. பக்கமும் புரட்டவில்லை.

எஸ்தர் தனியாகத் திரும்பி வந்தார். முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

மாமியார் மறுத்திருந்தால் எஸ்தர் மல்லுக்கு நின்றிருப்பார். அந்த அம்மா மறுக்கவில்லை. தன் புருஷன் பக்கத்தில் தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த இடத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். “எனக்கு வெச்ச எடம் அது. அத அவனுக்குக் குடுத்துடறேன். நான் எங்கனா போறேன். அவன் அவங்கப்பா பக்கத்துல கெடக்கட்டும்மா.” இதைச் சொல்லிவிட்டு எஸ்தரின் காலைத் தொட வந்தாராம்.

“நீலமே போடுங்க,” என்றார் எஸ்தர்.

தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். அசோகனுக்கு வேறு போட்டோ கிடைக்கவில்லை. எஸ்தரிடம் இருந்ததில்தான் கௌதமன் நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தார். குழந்தையைத் தோளில் தூக்கி வைத்திருந்த படம். குழந்தையின் ஒரு கை அவர் முடியில், இன்னொரு கை சட்டைக் காலரில்.

முகத்தை வெட்டி எடுப்பது என்பது இந்த வேலையில் பொறுமையான பகுதி. மவுஸால் புள்ளி புள்ளியாக வைத்து, காது, கன்னம், தோள் என்று சுற்றி வர வேண்டும். முடிக்கு மட்டும் தனியாகப் பெரிதாக்கி, இழை இழையாகப் பழைய பின்னணியை உரிக்க வேண்டும். இல்லையென்றால் புதிய வானத்தில் தலையைச் சுற்றி ஒரு வெள்ளை விளிம்பு நிற்கும். குழந்தையின் உடம்பை வெட்டினேன். முடிக்குள் இருந்த கையை எடுத்து, பக்கத்து முடியை நகல் எடுத்து அந்த இடத்தை மூடினேன். எஸ்தர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலருக்கு வந்தேன். அங்கே நாலு விரல் துணியை இறுக்கிப் பிடித்திருந்தது.

“வெரல உட்டுடுங்க,” என்றார் எஸ்தர்.

நான் லலிதா அக்காவைப் பார்த்தேன். அவர் அசோகனைப் பார்த்தார். அசோகன் எழுந்து வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஸ்கிரீனைக் கிட்டத்தில் பார்த்தார்.

“கெடக்கட்டும்,” என்றார்.

மிஷின் உடனே சரியாகிவிட்டது. நாலு ரோட்டில் ஆனந்தா நீலம் ஏறியது, காலரில் நாலு சின்ன விரலோடு. அன்றைக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கும்போது லலிதா அக்கா என்னிடம் கேள்வி கேட்கவில்லை. கண்ணைப் பாதி மூடினால் விரல் தெரியவில்லை. நீலம் மட்டும்தான் தெரிந்தது. ஜனம் மாரிகுப்பம் வழியில் போனது.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டி இருந்திருக்காது.

கல்லறைத் திருநாள் வந்தது. சமாதிகளுக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அதற்கு முன்னால் எஸ்தர் கடைக்கு வந்து, நிஷாவின் குழிக்குத் தலைமாட்டில் வைக்க ஒரு சின்ன பேனர் கேட்டார். அதே போட்டோ, வெட்டாமல். வானம் பொன்னாக வேண்டும் என்றார்.

லலிதா அக்காவிடம் ஒரு விதி உண்டு. ஒரு ஆளுக்கு ஒரு வானம்தான். செத்தவரை வைத்து இரண்டு தரப்பு இரண்டு பேனர் போட்டு ரோட்டில் அடித்துக்கொண்டதைப் பார்த்த பிறகு வைத்த விதி. கௌதமனுக்கு ஏற்கனவே வானம் போட்டாயிற்று. அக்கா அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “பாப்பாவுக்கு நம்ம ஒண்ணும் போடலல்ல? கொழந்தைக்கு யாரு பேனர் போடறாங்க,” என்றார். “இது பாப்பாவோடது. அவரு சும்மா தூக்கிக்கினு நிக்கறாரு.”

எனக்குத் தெரிந்த எல்லாப் பொன்னையும் அந்தச் சின்னத் துண்டில் போட்டேன். அடிவானத்தில் சந்தனம், மேலே போகப் போக மாம்பழ மஞ்சள், மேக ஓரத்தில் மெல்லிய அரக்கு. புல், ஓடை. ஆனால் கொடுப்பதற்கு முன்னால் எஸ்தரிடம் சொல்லிவிட்டேன்: “அக்கா, வெயில்ல மஞ்சள் நிக்காது. மஞ்சளும் செவப்பும் மொதல்ல போயிடும்.” பிளெக்ஸ் இங்கின் குணம் அது. புடவைக்கும் அப்படித்தான் என்று லலிதா அக்காவின் அப்பா சொல்வாராம்.

“போடுங்க,” என்றார் எஸ்தர்.

கல்லறையில் நிழல் கிடையாது. ஒரு கோடையைத்தான் அது தாங்கியது. அடுத்த கல்லறைத் திருநாளுக்கு முன்னால் எஸ்தர் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். மேஜையில் விரித்தேன். பொன் இல்லை. மஞ்சள் மொத்தமாகப் போயிருந்தது, அரக்கு போயிருந்தது. பொன்னுக்கு அடியில் நிழலுக்காக நான் போட்டிருந்த கொஞ்சம் நீலம் மட்டும் மிஞ்சி, வானம் முழுக்க வெளிறிய நீலமாகிவிட்டிருந்தது. புல் நீலம். ஓடை நீலம். இரண்டு முகமும் நீலம்.

அந்த வருஷம் மஞ்சளை இரண்டு தடவை அடித்தேன். மேலே தெளிந்த வார்னிஷ் பூசிக் காயவைத்தேன். வெயிலைத் தாங்கும் என்று சொன்ன லேமினேஷன் சீட்டைப் பெங்களூரிலிருந்து வரவழைத்து ஒட்டினேன். லலிதா அக்கா எதற்கும் கணக்குக் கேட்கவில்லை. இன்னொரு கோடை வந்தது. வார்னிஷ் உரிந்து செதில் செதிலாக நின்றது, அதற்குக் கீழே மறுபடி அதே நீலம்.

மூன்றாவது தடவை எஸ்தர் வந்தபோது நான் புதுசாக ஒரு வழி யோசித்து வைத்திருந்தேன். கல்லூரியில் பார்த்த பழைய சுவரோவியங்களில் மஞ்சளுக்கு மண்ணைத்தான் அரைத்துப் போடுவார்கள். மண் வெயிலில் போகாது. பிளெக்ஸ் வேண்டாம், தகரத்தில் மண் நிறத்தால் கையாலேயே வரைந்து தருகிறேன் என்றேன். எனக்கு அதில் உண்மையிலேயே நம்பிக்கை இருந்தது. சொல்லும்போது என் குரலில் உற்சாகம்கூட இருந்திருக்கும்.

எஸ்தர் கேட்டுக்கொண்டிருந்தார். வெளிறிப்போன துண்டை மேஜையில் தானே விரித்து, மடிப்பை உள்ளங்கையால் நீவினார்.

“அதெல்லாம் வேணாம் தம்பி,” என்றார். “இந்த வாட்டி நீலமாவே போட்டுடுங்க. அவரு அங்க கெடக்காரு, இவ இங்க கெடக்கறா. மேல இருக்கறதாவது ஒண்ணா இருக்கட்டும்.”

லலிதா அக்கா எழுந்து நின்றவர் அப்படியே நின்றார். முதல் தடவையாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, “உக்காரும்மா,” என்றார். எஸ்தர் உட்கார்ந்தார். அழவில்லை.

கௌதமனின் பழைய பைலைத் திறந்து, அந்த நீலத்தை அப்படியே எடுத்து, குழந்தையைத் தோளில் வைத்திருக்கும் முழுப் படத்துக்குப் பின்னால் வைத்தேன். இந்தத் தடவை வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. முடியில் இருந்த கையும் காலரில் இருந்த கையும் அதனதன் இடத்தில் இருந்தன. கிளீனிங் போடாமலேயே மிஷின் ஓடியது. கல்லறைக்கு நானே போய்க் கட்டினேன். சுற்றிலும் வெள்ளையடித்த சிலுவைகள், பொன் வானங்கள், நடுவில் அந்த ஒரு நீலத் துண்டு. யாராவது ஆட்சேபிப்பார்கள் என்று நினைத்தேன். பக்கத்துக் குழிக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, “சாயம் போய்டுச்சா?” என்றார். ஆமாம் என்றேன்.

வேலையை விட்டதற்கு இது ஒன்றே காரணம் என்று சொன்னால் பொய். எனக்குக் குழந்தை பிறந்தது, கடையில் வரும்படி குறைந்தது, பெங்களூரில் ஒரு கோடவுனில் வேலை கிடைத்தது. இப்போது அட்டைப்பெட்டிகளை ஸ்கேன் செய்கிறேன். எல்லாப் பெட்டியும் ஒரே பழுப்பு. கௌதமன் போன அதே ரயிலில்தான் போகிறேன். இறங்கும்போது பக்கத்தில் தூங்குகிறவரைத் தோளில் தட்டாமல் இறங்குவதில்லை. சில பேர் திட்டுவார்கள். பரவாயில்லை.

ரேவதி, நீ கேட்டதற்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். எங்கே கொண்டு போகிறார்கள் என்று கேட்டால் வானம் கிடைத்துவிடும். அதைக் கேட்கும்போது, கூட வந்தவர்களில் யார் வாயைத் திறக்காமல் நிற்கிறார்கள் என்று பார். அவர்களுக்குக் கொடுக்க உன்னிடம் எதுவும் இருக்காது. இருந்தாலும் பார்.

எஸ்தர் அதற்குப் பிறகு பேனருக்கு வரவில்லை. வர வேண்டிய அவசியம் இல்லை. நீலம் போகாது.